மூன்றாவது பலகை

நாங்கள் கேட்ட கதைகளில் பேய்கள் சிரிக்கும்,
பாத்திரம் உருட்டும், பெயர் சொல்லிக் கூப்பிடும்.
இவன் மாடிப்படியின் மூன்றாவது பலகையை
மிதிப்பான்.
ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை.
ஒரே ஒரு மிதி.
அடுத்த மிதிக்காக விடியும்வரை
ஆறு பேரும் கண்ணைத் திறந்துகொண்டு கிடப்போம்.

சீலோயே தீவில் மழைக்கு விடுமுறை கிடையாது.
"ஊறின மரம் முனகத்தான் செய்யும்" என்றார் செலிந்தோ,
என் கணவர்,
சிப்பி பொறுக்குகிறவர்,
மரத்தைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்.
அடுப்படியில் ஈரக் காலடி கண்ட அன்று
கூரை ஒழுகுகிறது என்றார்.
ஒழுகல் ஐந்து விரலோடா விழும்?
கேட்கவில்லை. துடைத்தேன்.

ஜூன் குளிரில் குடத்துத் தண்ணீர் உப்புக் கரித்தது.
இன்னும் பேச்சு வராத ஒர்ஃபெலினா
யாருமில்லாத மூலைக்குக் கையாட்டினாள்.
மீசை அரும்பிய ரெமிஹியோ, பதினான்கு வயது,
படுக்கையை நனைத்துவிட்டு
என் முகத்தைப் பார்க்காமல் போர்வை அலசினான்.
மற்றதெல்லாம் பொறுத்துக்கொண்டேன்,
அதைப் பொறுக்க முடியவில்லை.

பாதிரியார் படகில் வந்தார். தீர்த்தம் தெளித்தார்.
மூன்றாவது பலகையில் நின்று செபித்தபோது
குரல் கம்மியது.
இரவு தங்கச் சொன்னோம்.
அலை ஏறுகிறது என்றார்.
அலை அப்போது இறங்கிக்கொண்டிருந்தது.

இந்த வீட்டை ஒரு விதவையிடம் வாங்கினோம்.
விலை ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்கவில்லை.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள், நல்ல பெண்.
பக்கத்து நாவேல்கின்தான் சொன்னார்:
"நண்டு வலை போடப் போனான். வலை திரும்பி வந்தது.
இடம் அவனுடையது.
நீங்கள் வீட்டைக் கிளப்பிக்கொண்டு போய்விடுங்கள்."

எங்கள் பக்கம் அது நடக்கும்.
மிங்கா என்போம். சொல்லி அனுப்பினால் ஊர் வரும்,
கூலி வாங்காது, சாப்பிட்டுவிட்டுப் போகும்.
எட்டு ஜோடி எருதுகள், வழுக்கும் உருளைக் கட்டைகள்,
நாற்பது தொண்டைகள்.
வற்றிய கடலின் சேற்றில் வீடு நடந்தது,
திரைச்சீலை ஆட, சுவர்க் கடிகாரம் ஓட,
இறங்க மாட்டேன் என்று சன்னலில் பூனை.
நான் பின்னாலேயே போனேன்,
முன்பின் தெரியாத ஒருத்தியின் பிணத்துக்குப் பின்னால்
போகிற மாதிரி.
அக்கரை மேட்டில் நிறுத்தினோம்.
ஆப்பிள் மதுவில் ஊர் ஆடியது.

முதல் இரவு ஒன்றுமில்லை.
இரண்டாம் இரவும்.
பிள்ளைகள் குறட்டை விட்டார்கள்.
நான் மட்டும் அந்த மிதிக்காகக் காத்திருந்தேன்,
கடன்காரன் வராத நாளில்
வாசலையே பார்ப்பதுபோல.

வெள்ளிக்கிழமை, மறந்துவிட்ட பூண்டைப் பிடுங்க
பழைய இடத்துக்குப் போனேன்.
சுற்றிலும் பச்சை. நடுவில் வீட்டின் அளவுக்கு
வெளிறிய மண்.
அதில் காலடிகள்.
வாசல் இருந்த இடத்தில் நுழைந்திருந்தான்.
இல்லாத சுவரை எங்கேயும் தாண்டவில்லை.
அடுப்பைச் சுற்றி, மேசையைச் சுற்றி,
படி தொடங்கிய இடத்துக்கு வந்து
நின்றிருந்தான்.
அங்கே ஒரு குதிகால் ஆழப் பதிந்து
மழைநீர் நிறைந்திருந்தது.

இடம் அவனுடையதாம்.
இடத்தை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான்,
தலைக்கு மேல் இவ்வளவு மழையை வைத்துக்கொண்டு?

பூண்டைப் பிடுங்காமல் திரும்பினேன்.
"தரையெல்லாம் ஏன் ஈரம்?" என்றார் செலிந்தோ.
"கூரை ஒழுகுகிறது" என்றேன்.
என் கால்களைப் பார்த்தார். வேறெதுவும் கேட்கவில்லை.

அன்றிரவு மழை வலுத்தபோது எழுந்து போனார்.
மூன்றாவது பலகையைத் தாண்டித்தான் இறங்கினார்,
இன்றுவரை நாங்கள் எல்லோரும் அப்படித்தான்.
வாசல் தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.
திரும்பி வந்து படுத்தார், பாதம் ஜில்லென்று.

"காற்று" என்றார்.